மஞ்சள் வைத்த பிறகு வரும் மனக்குறை

முகூர்த்தப் பட்டு எடுக்க யாரும் தனியாகப் போவதில்லை. மணப்பெண், அவள் அம்மா, அத்தை, சித்தி, நாத்தனாராகப் போகிறவர், பட்டு பார்த்து வாங்கத் தெரிந்தவர் என்று குடும்பமே மதிக்கும் ஒரு பெரியம்மா என்று காஞ்சிபுரத்துக்கோ தியாகராய நகருக்கோ ஒரு வேன் நிறையக் கிளம்புவார்கள். வெள்ளை விரிப்பின் மேல் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அரக்கு போதும் என்பார் ஒருவர். அரக்கு எல்லோரும் கட்டுவது, மாம்பழ நிறம் எடுப்போம் என்பார் இன்னொருவர். ஜரிகை, கரையின் அகலம், மாப்பிள்ளை வீட்டார் மனதில் வைத்திருக்கும் தொகை எல்லாம் பேசி முடித்த பிறகு மணப்பெண் பக்கம் திரும்பி, “உனக்குப் பிடிச்சிருக்காடி?” என்று கேட்பார்கள். அவள் தலையாட்டுவாள். அதில் விருப்பம் எவ்வளவு, பெரியவர்களுக்காகக் காட்டிய மரியாதை எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து புடவையை மறுபடி விரித்துப் பார்க்கும்போது, ‘அந்த மயில்கழுத்து நிறத்தையே எடுத்திருக்கலாமோ’ என்று ஓர் எண்ணம் தலைகாட்டும். அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். சொன்னால் அது புடவையைப் பற்றிய பேச்சாக நிற்காது. அத்தையின் ரசனையைக் குறை சொன்னதாகும், மாப்பிள்ளை வீட்டுப் பணத்தைக் குறை சொன்னதாகும்.

வாங்கிய பின் மனம் சஞ்சலப்படுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். அது எதனால் கிளம்புகிறது, யார் முன்னால் கிளம்புகிறது, கிளம்பியதை மனிதர்கள் எப்படி அடக்குகிறார்கள் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வாங்கும் நாமும், நமக்காகச் சட்டம் எழுதுகிறவர்களும் அந்த அளவுக்குத் தெரிந்துகொள்ளவில்லை.

யார் கண்ணுக்கு முன்னால்?

இந்தச் சஞ்சலத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957-ல் எழுதிய நூலில், ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்ணங்களை மனம் நெடுநேரம் தாங்காது, ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டு சமாதானம் ஆகும் என்றார். அவருடைய மாணவர் ஜாக் பிரெம் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட சோதனை இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. மாணவிகளிடம் டோஸ்டர், காபி போடும் கருவி போன்ற வீட்டுச் சாமான்களைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது, கையில் இருக்கும் பொருளுக்கு மதிப்பு ஏறியிருந்தது, விட்டுவந்த பொருளுக்கு இறங்கியிருந்தது. நான் எடுத்தது நல்லதுதான் என்று மனம் தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொண்டது.

நாற்பது ஆண்டுகள் இதை மனித இயல்பு என்றே எழுதிவந்தார்கள். 1997-ல் ஸ்டீவன் ஹைனும் டாரின் லேமனும் இதே மாதிரிச் சோதனையை இசைத் தட்டுகளை வைத்துக் கனடியர்களிடமும் ஜப்பானியர்களிடமும் நடத்தினார்கள். கனடியர்கள் எதிர்பார்த்தபடியே தாங்கள் எடுத்த தட்டை உயர்த்திப் பேசினார்கள். ஜப்பானியர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

அப்படியானால் ஜப்பானியருக்கு இந்தச் சஞ்சலமே கிடையாதா? 2004-ல் ஷினோபு கிடயாமாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்விக்கு விடை கண்டார்கள். தேர்ந்தெடுப்பவரின் எதிரே முகங்கள் வரைந்த ஒரு சுவரொட்டியை மாட்டிவைத்தார்கள், அவ்வளவுதான். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு வந்ததும், ஜப்பானியர்களும் தாங்கள் எடுத்ததே சிறந்தது என்று நியாயம் தேடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு எட்சுகோ ஹோஷினோ-பிரவுன் குழுவினர் கனடாவில் சீன உணவுப் பட்டியலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஐரோப்பிய வழிவந்த கனடியர்கள் தங்களுக்காகத் தேர்ந்தெடுத்த உணவுக்கு நியாயம் கற்பித்தார்கள். ஆசிய வழிவந்தவர்களில் தங்கள் மரபோடு ஒட்டுதல் மிகுந்தவர்கள், தங்களுக்கு எடுத்ததைவிட நண்பருக்காகத் தேர்ந்தெடுத்ததற்கே அதிகம் நியாயம் கற்பித்தார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். எடுத்தவை சின்னப் பொருட்கள். டோக்கியோவில் கண்டது திருநெல்வேலிக்கு அப்படியே பொருந்திவிடாது. நாட்டுக்கு நாடு பண்பாட்டை எண்ணில் அளந்து சொல்லும் அட்டவணைகளையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. கேர்ட் ஹோஃப்ஸ்டெட் தயாரித்த புகழ்பெற்ற அட்டவணையில், நிச்சயமின்மையைத் தவிர்க்க நினைக்கும் போக்குக்கு ஜப்பான் 92, அமெரிக்கா 46, இந்தியா 40 பெறுகின்றன. அமெரிக்கரைவிட நாம் நிச்சயமின்மையை எளிதாக எடுத்துக்கொள்பவர்கள் என்று அதற்குப் பொருள். ஒரு கம்மலுக்கு நான்கு நகைக்கடை ஏறி இறங்கும் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்தவர் யாரும் இதை ஒப்பமாட்டார்கள். ஹோஃப்ஸ்டெட்டின் மூலத் தகவல்கள் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டப்பட்டவை. அலுவலகத்தில் கேட்ட கேள்வியை வைத்துக் குடும்பத்தின் பணப்பையை அளக்க முடியாது.

ஆனால் முகங்கள் வரைந்த அந்தச் சுவரொட்டி சொல்லும் செய்தி நமக்கு மிக நெருக்கமானது. நம் வீடுகளில் அந்த முகங்களுக்கு உயிர் உண்டு. அத்தை, மாமியார், எதிர் வீட்டு அக்கா, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என்று அவர்கள் எந்நேரமும் கூடவே இருக்கிறார்கள்.

“எவ்வளவுக்கு எடுத்தே?”

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்தால்தான் மனக்குறை பிறக்கும். இதைவிட நல்லது இருந்தது, அல்லது இதுவே இன்னும் மலிவாகக் கிடைத்தது என்று தெரிய வேண்டும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ நண்பர் போட்டிருக்கும் சட்டையின் விலையைக் கேட்பதை நாகரிகக் குறைவாக நினைப்பார்கள். நம்மூரில் கேட்காமல் விட்டால்தான் குறை. புதுப் புடவையைத் தொட்டுப் பார்த்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்து, “எவ்வளவுக்கு எடுத்தே?” என்று கேட்பது நம் அக்கறையின் ஒரு பகுதி. பதில் வந்த மறுநொடியே, “அடடா, சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே. நல்லா ஏமாந்துட்டியே!” என்பதும் அதே அக்கறைதான்.

வாங்கிய நிமிடத்தில் நிறைவாக இருந்தவர் அந்த ஒரு சொல்லில் உடைந்துபோவார். அவர் சாமர்த்தியம் இல்லாதவர் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பேரம் பேசி வாங்குவதைத் திறமையாகக் கொண்டாடும் சமூகத்தில், அதிக விலை கொடுத்தவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. அதனால்தான் நம் மக்கள் விலையைக் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புடவை மாமியாரிடம் ஆயிரத்து எண்ணூறாகும். கணவர் வாங்கிய செல்போனின் விலை வீட்டுக்கு வரும் வழியிலேயே நாலாயிரம் இறங்கும். இதைக் குடும்ப அமைதிக்கான சிறிய பொய் என்று எல்லோரும் மன்னித்துவிடுகிறோம். ஆனால் இந்தப் பொய்க்கு ஒரு விலை இருக்கிறது. குறைத்துச் சொன்ன விலையை நம்பி அடுத்தவர் அதே கடைக்குப் போகிறார், அங்கே கேட்ட விலையில் குழம்புகிறார், தனக்குத்தான் பேரம் பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பிறகு அவரும் வீட்டுக்கு வந்து குறைத்துச் சொல்கிறார். கடையின் உண்மையான விலை தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் போகிறது.

‘ஒரே விலை’ என்று பலகை மாட்டிய கடைகளில் கூட்டம் அலைமோதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அங்கே பொருள் மலிவோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மைவிடக் குறைவாகக் கிடைத்திருக்காது என்ற நிம்மதி கிடைக்கிறது.

மனக்குறையைச் சொல்லவே முடியாத இடம் இன்னொன்று இருக்கிறது. சீர். தலை தீபாவளிக்குப் பெண் வீட்டார் வாங்கிக் கொடுத்த மோதிரம், கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கி இறக்கிய கட்டிலும் பீரோவும் பிடிக்கவில்லை என்று எந்த மகள் சொல்வாள்? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் எழுதிய கட்டுரையில், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்றவர்கள் அவற்றின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைவாகவே மதிக்கிறார்கள் என்று காட்டினார். பரிசோடு கடை ரசீதையும் விலை தெரியாமல் சேர்த்துக் கொடுத்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று கொடுப்பவரே சொல்லிவிடுகிறார். நம் சீர்வரிசைத் தட்டில் ரசீதை வைத்தால் அது சண்டையாகிவிடும். பொருளைவிடக் கொடுத்தவரின் மனம் பெரிது என்று நாம் வாழ்கிறோம். அது நல்ல பண்புதான். ஆனால் அந்தப் பண்பின் சுமையைத் தூக்குவது பெரும்பாலும் பெண்கள், அதுவும் புதிதாக வந்த மருமகள்கள்.

ராசி, திருஷ்டி, மஞ்சள்

மனக்குறையைக் கிளப்பிவிடும் பண்பாடு அதை ஆற்றும் வழிகளையும் வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களின் கைப்பழக்கம் வியக்கத்தக்கது.

வாங்கிய பைக் அடிக்கடி பழுதானால், ‘தப்பான வண்டியை எடுத்துட்டேன்’ என்று யாரும் தலையில் அடித்துக்கொள்வதில்லை. “இந்த வண்டி நமக்கு ராசி இல்லை” என்பார்கள். பழி, வண்டியை வாங்கியவரை விட்டு இறங்கி வண்டியின் மேல் ஏறிவிடும். புது மிக்ஸியின் ஜாடி கை தவறி உடைந்தால், “திருஷ்டி கழிஞ்சுது, விடு.” நிலத்தில் பணம் போனால், “நமக்குக் கொடுத்துவைச்சது அவ்வளவுதான்.” இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தன்னைத்தானே தின்னும் குற்ற உணர்விலிருந்து ஒருவரை வெளியே இழுத்து, மறுநாள் காலை வேலைக்கு அனுப்பிவைக்கும் ஆற்றல் இந்தச் சொற்களுக்கு இருக்கிறது.

எல்லாவற்றிலும் அழகானது புதுத் துணியின் ஓரத்தில் வைக்கும் மஞ்சள். தீபாவளி விடியலில் பாட்டி விரல் நுனியில் மஞ்சளைத் தொட்டுச் சட்டையின் ஒரு மூலையில் வைக்கிறாள். அதுவரை அது கடைத் துணி. அந்த நொடியிலிருந்து நம் துணி. மஞ்சள் வைத்த புடவையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, கொண்டுபோய்க் கொடுக்க நமக்கும் தோன்றாது. ஃபால்ஸ் அடிப்பதும், புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை வெட்டுவதும், புது வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவதும் இதே வேலையைச் செய்கின்றன. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று அவை மனதுக்கு அறிவிக்கின்றன.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. யாங்ஜி கூ, சிமோனா பொட்டி, டேவிட் ஃபேரோ மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பலவகைச் சாக்லேட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தவர்கள் மீதியின் மேல் மூடியைப் போட்டு மூடியபோது, எடுத்ததில் அதிக நிறைவு கண்டார்கள். விட்டவற்றைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க ஒரு சிறு செயலே போதுமாக இருந்தது. அதற்கு முன்பே, 2002-ல் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் ஹார்வர்டில் புகைப்படம் கற்கும் மாணவர்களிடம் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வாய்ப்புப் பெற்றவர்களைவிட, மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் படத்தை அதிகம் விரும்பினார்கள். ஆனால் எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் மாற்றும் வாய்ப்பையே மக்கள் கேட்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்க முடியாது என்ற நிலையே நிறைவைக் கூட்டும் என்றால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடிக்கும் கடைக்காரர் நமக்கு நன்மையா செய்கிறார்? இந்தக் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. புடவைக்கும் புகைப்படத்துக்கும் ஆம் என்றுகூடச் சொல்லலாம். அவற்றில் மறைவாக எதுவும் இல்லை. கண்ணால் கண்டு, கையால் தொட்டு எடுத்தோம். இருபது ஆண்டு பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியிலும், பட்டா சரியில்லாத மனையிலும் மறைவாக எவ்வளவோ இருக்கிறது. அங்கே மனம் தானாகச் சமாதானம் ஆகிவிடுவது ஆபத்து.

வாங்காமல் விட்டது

தமிழ்க் குடும்பங்கள் உரக்கச் சொல்லிக்கொள்ளும் வருத்தம் வாங்கியதைப் பற்றியதாக இருப்பது குறைவு. கல்யாணப் பந்தியில் இரண்டு பெரியவர்களை அருகருகே உட்கார வையுங்கள். “தாம்பரம் தாண்டி அப்பவே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம், யாரும் சொல்லலையே” என்று ஒருவர் தொடங்குவார். 2000-ம் ஆண்டு வாக்கில் ஒரு சவரன் தங்கம் நாலாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. இன்று அந்தப் பணத்துக்கு அரை கிராம்கூட வராது. அதைச் சொல்லி மற்றவர் பெருமூச்சு விடுவார்.

தாமஸ் கிலோவிச் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, சீனா, ஜப்பான், ரஷ்யா ஆகிய நாடுகளிலும் அமெரிக்காவைப் போலவே, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது செய்ததைவிடச் செய்யாமல் விட்டதற்கே மனிதர்கள் அதிகம் வருந்துகிறார்கள் என்று கண்டது. எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவான குணம் என்று சொல்லத்தக்கது இதுவாக இருக்கலாம். நம்மிடம் அது நிலத்திலும் தங்கத்திலும் போய்க் குவிந்திருக்கிறது.

இந்த வருத்தத்தைக் கொண்டே ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் நம் பாட்டிமார் அட்சய திருதியை அன்று நகைக்கடை வாசலில் விடிகாலை வரிசையில் நின்றதில்லை. ‘இன்று விட்டால்’ என்று தொடங்கும் விளம்பரங்கள்தான் அந்த வரிசையைக் கட்டின. ‘கடைசி இரண்டு மனைகள் மட்டும்’ என்பதும் இந்த வகைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய விற்பனையில் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில், பொய்யான அவசரம் காட்டுவதும், வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்பட வைப்பதும் இருக்கின்றன. நல்ல நடவடிக்கை. ஆனால் அது இணையதளத்தையும் செயலியையும் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏற்றி, மனையைச் சுற்றிக்காட்டி, மதியச் சாப்பாடும் போட்டு, அதே இலையோரம் முன்பணம் கேட்பவரை அது தொடுவதில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் அங்கே எப்படி மறுப்பார்கள்?

திருப்பிக் கொடுக்கக் கூசும் கை

டொரண்டோவிலோ நியூஜெர்சியிலோ வாழும் நம் சொந்தக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். அங்கே வாங்கிய சட்டையை, பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, கூச்சமே இல்லாமல் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கி வருவார்கள். டிசம்பரில் சென்னைக்கு வந்து உஸ்மான் சாலையில் எடுத்த சுடிதாரை மாற்ற வேண்டுமென்றால், அதே மனிதர்கள் கூட ஓர் ஆளைத் தேடுகிறார்கள். அவர்கள் மாறிவிடவில்லை. நின்ற இடத்தின் வழக்கம் மாறியிருக்கிறது.

அந்த வழக்கத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மான்ட்கோமரி வார்டு நிறுவனம் 1872-ல் தபால் வழி விற்பனையைத் தொடங்கியது. பொருளைக் கண்ணால் பாராமல் பணம் அனுப்ப விவசாயிகள் தயங்கினார்கள். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று 1875-ல் அந்த நிறுவனம் உறுதி கொடுத்தது. வாடிக்கையாளரின் சந்தேகத்தைப் போக்கப் பிறந்த வாக்குறுதி, தலைமுறைகள் கடந்து அவருடைய உரிமை உணர்வாக மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல், இணையத்திலும் வீடு தேடி வந்தும் விற்கப்படும் பொருட்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சீனா அதே ஆண்டு மார்ச் 15 முதல் இணையக் கொள்முதலுக்கு ஏழு நாள் கொடுத்தது. தென்கொரியாவிலும் ஏழு நாள்.

நமக்குப் பாடமாக இருப்பது ஜப்பான். வாசலில் வந்து நிற்பவரிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கும் சமூகம் அது. நம்மைப் போலத்தான். அங்கே வீடு தேடி வந்து விற்றதை எட்டு நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். ஆள் சேர்த்து விற்கும் சங்கிலித் தொடர் வணிகத்துக்கு அவகாசம் 20 நாள். உறவும் நட்பும் வழியாக நுழையும் வியாபாரத்தில் மறுப்பது இன்னும் கடினம் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய சட்டமாக அது எனக்குத் தெரிகிறது.

நம் கடைத்தெருவில் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு தடைகள் இருக்கின்றன. காலையில் போணி ஆவதற்கு முன் மாற்றப் போகக்கூடாது. போனால் கடைக்காரரின் முகம் சுருங்கும், அது நியாயம் என்றே நமக்கும் தோன்றும். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. அதனால் பணம் திரும்பாது, “வேற எடுத்துக்கோங்கம்மா” என்ற வார்த்தைதான் திரும்பும். அந்த வேறு பொருளும் பிடிக்காமல், வந்ததற்கு எதையாவது எடுத்துக்கொண்டு இன்னும் இருநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இணையக் கடைகள் இதை ஓரளவு உடைத்திருக்கின்றன. ஃபிளிப்கார்ட் 2010-ல் கொண்டுவந்த ‘பொருள் வந்ததும் பணம்’ முறை நம் மக்களுக்குப் பிடித்ததற்கு, கார்டு இல்லாதது மட்டுமே காரணம் இல்லை என்று நினைக்கிறேன். வாசலுக்கு வரும் பையனிடம் “வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிடலாம். அவர் கடை முதலாளியும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. முகம் தெரியாதவரிடம் மறுப்பது எளிது.

மாமா விற்ற பாலிசி

முகம் தெரிந்தவரிடம் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

நடுத்தரக் குடும்பங்களில் பெரிய பணம் போகும் பல முடிவுகள் உறவினர் வழியாக வருகின்றன. ஒன்றுவிட்ட மாமா காப்பீட்டு முகவர். பழைய வகுப்புத் தோழர் மனை விற்கிறார். அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் சத்து மாவும் சுத்திகரிப்புக் கருவியும் விற்கும் சங்கிலியில் இருக்கிறார். “உனக்காகச் சொல்றேன், இந்த மாசம் டார்கெட் முடிக்கணும்” என்று அவர் தாளை நீட்டும்போது படித்துப் பார்க்கக்கூட நமக்குக் கூச்சம். படித்தால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும். கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பத்து நாள் கழித்து, இது சேமிப்பும் இல்லை, போதிய பாதுகாப்பும் இல்லை என்று புரிகிறது. அப்போதும் வாயைத் திறப்பதில்லை. முகதாட்சண்யம். அடுத்த மாதம் அவர் வீட்டுக் காதுகுத்து இருக்கிறது.

கனடாவில் நடந்த உணவுப் பட்டியல் சோதனை இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. பிறருக்காகச் செய்த தேர்வுக்கே நாம் அதிகம் நியாயம் கற்பிக்கிறோம் என்றால், மனைவி பேரில், குழந்தை பேரில் எடுத்த பாலிசி தவறு என்று ஒப்புக்கொள்வது குடும்பத் தலைவருக்கு இரட்டைக் கடினம். ‘பிள்ளையின் படிப்புக்குத்தானே’ என்ற சமாதானம் ஆண்டுக்கணக்கில் பிரீமியம் கட்ட வைத்துவிடும். கட்ட முடியாமல் நடுவில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் பெரும் பகுதி போய்விடும். அன்றைக்கும், நமக்கு ராசி இல்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வார்கள். மற்ற நேரங்களில் நம்மைக் காக்கும் அதே ஆறுதல் இங்கே விற்றவரைக் காப்பாற்றிவிடுகிறது.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வருகிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இது பொருந்தும். இணைய வணிக விதிகள் 2020, திருப்பி எடுக்கும் நிபந்தனைகளை வெளிப்படையாகக் காட்டச் சொல்கின்றன. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமை மட்டும் இந்தியாவில் இல்லை. அது நிறுவனங்களின் பெருந்தன்மைக்கு விடப்பட்டிருக்கிறது. செயலிக் கடனுக்கு, அபராதமின்றி வெளியேற ஓர் அவகாசம் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு 15 நாளாக இருந்த மறுபரிசீலனைக் காலத்தை ஒழுங்காற்று ஆணையம் 2024-ல் 30 நாளாக உயர்த்தியது. பாதுகாப்பு அளித்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதிப் பணம் திரும்பும்.

இவை போதாது. வீடு தேடி வந்தும், உறவு வழியாகவும், வேனில் ஏற்றிச் சென்றும் விற்கப்படும் எல்லாவற்றுக்கும், மனையின் முன்பணம் உட்பட, காரணம் கேட்காமல் விலகிக்கொள்ளும் அவகாசத்தை நம் சட்டம் தரவேண்டும். குறைந்தது ஏழு நாள். முகத்துக்கு நேரே மறுக்க முடியாத சமூகத்துக்கு, ஒரு கடிதத்தில் மறுக்கும் வழி தேவை. வியாபாரிகள் நஷ்டம் வரும் என்பார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் வியாபாரம் நின்றுபோகவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். உங்கள் வீட்டில் அண்மையில் யாராவது பாலிசி எடுத்திருந்தால், ஆவணம் கைக்கு வந்த தேதியை இன்றே பாருங்கள். 30 நாள் தாண்டவில்லை, அது வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், விற்ற மாமாவைத் தேடிப்போய்ச் சங்கடப்பட வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாக எழுதி ரத்து செய்யலாம். குறையுள்ள பொருளைக் கடை திரும்ப வாங்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு அங்கே கட்டணம் கிடையாது.